வயித்துல கேன்சர் வந்தவங்களுக்கு மாருத் தோல் செவந்தா என்ன பண்ணணும்

எங்க பெரியாத்தாவுக்கு எடது மாருல செவப்பா ஒரு பட்டை வந்தப்ப வீட்டுல எல்லாரும் ஒரே குரல்ல சொன்னது அக்கின்னுதான். எங்க காரைக்குடிப் பக்கம் அக்கின்னா யாரு டாக்டர்கிட்ட போறா, மண்பாண்டம் செய்ற வேளார் வீட்டுக்குத்தான் போவோம், அவரு காவியக் குழைச்சு மேல எழுதி விடுவாரு, மூணு நாள் எழுதுனா எறங்கிரும்னு ஒரு நம்பிக்கை. மாருல ஆம்பளைய விட்டு எப்படி எழுதச் சொல்றதுன்னு வேளார் வீட்டம்மாவ வரச் சொல்லி ரெண்டாங்கட்டுல ஒக்காந்து எழுதுனாங்க. எறங்கல. அப்புறம் ஒரு கிளினிக்ல செல்லுலைட்டிஸ்னு, அதாவது தோல்ல கிருமி பூந்திருச்சுன்னு ஆன்டிபயாடிக் அஞ்சு நாள், அது முடிஞ்சு வேற ஒரு ஆன்டிபயாடிக் ஏழு நாள், கூடவே ஒரு கிரீம். ஆக மொத்தம் ஆறு வாரம் போச்சு. இதுக்குப் பதினாலு மாசம் முன்னாடிதான் பெரியாத்தாவுக்கு வயித்துல கேன்சர்னு ஆபரேஷன் பண்ணி பாதி இரைப்பைய எடுத்திருந்தாங்க, அத அந்தக் கிளினிக்ல யாரும் கேக்கவும் இல்ல நாங்க சொல்லவும் இல்ல. வயிறு வேற மாரு வேறன்னு நெனச்சுட்டோம், ஆனா அந்த வயித்துக் கேன்சர்தான் மாருத் தோலுக்குப் பரவியிருந்துச்சு, அவ்வளவுதான் விஷயம்.

அதனால இத எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ஒரு வருஷம் பைல தூக்கிட்டு அலைஞ்சவ. யாராச்சும் இதே மாதிரி நிலமையில இருந்தா எந்த வரிசையில என்னென்ன செய்யணும்னு தெரிஞ்சுக்கட்டும்.

மொதல்ல இது என்னன்னு. வயித்துக் கேன்சர் பரவுனா பொதுவா ஈரல், வயித்துக்குள்ள இருக்குற சவ்வு, நுரையீரல், எலும்பு, நெறிகட்டி இங்கெல்லாந்தான் போகும். தோலுக்கு வர்றது ரொம்ப அபூர்வம், அதுலயும் மாருத் தோலுக்கு வர்றது அபூர்வத்துல அபூர்வம், அதனாலதான் டாக்டருக்கே சட்டுனு தோணாது. தோலுக்கு உள்ள நிணநீர் ஓடுற சின்னச் சின்னக் குழாய் இருக்குல்ல, கேன்சர் செல் அதுக்குள்ள பூந்து அடைச்சுக்குது, நீர் வடிய வழி இல்லாம தோல் வீங்கிச் செவந்து தடிச்சுப் போகுது, மயிர்க்கால் எல்லாம் குழிகுழியா தெரிஞ்சு ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆயிருது. பாக்க அப்படியே சீழ்க்கட்டு வர்ற மாதிரி இருக்கும். கிருமியே இல்லாத எடத்துல ஆன்டிபயாடிக் என்ன பண்ணும்.

அக்கியா, வேற தோல் வியாதியா, இதான்னு வீட்டுல வச்சு முடிவு பண்ண முடியாது, ஆனா சந்தேகப்பட முடியும். அக்கின்னா எரிச்சலும் வலியும் மொதல்ல வரும், அப்புறம் கொத்துக்கொத்தா நீர்க்கொப்புளம், ஒரு பக்கமா பட்டை மாதிரி போகும், ரெண்டு மூணு வாரத்துல பொருக்குத் தட்டி உதிந்துரும். சித்திரை வைகாசி வெயில்ல மாருக்கு அடியில வேர்வை தங்கி வர்ற படை இருக்கு பாருங்க, அது நல்லா அரிக்கும், மடிப்புலதான் இருக்கும், பூஞ்சைக்குக் குடுக்குற கிரீம் போட்டா ரெண்டு வாரத்துல வெளுத்துரும். பால் குடுக்குறவங்களுக்குப் பால் கட்டுனா காய்ச்சல் குளிர் இருக்கும், மருந்துக்கு ரெண்டு மூணு நாள்ல கேக்கும். நான் சொல்ற இது அப்படி இல்ல. காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, கொப்புளம் இருக்காது, வலி கூட ஆரம்பத்துல கம்மி, ஆனா தோல் கெட்டியாகிட்டே போகும், ஓரம் மெதுவா நகரும். சில பேருக்குச் செவப்புக்குப் பதிலா பட்டாணி மாதிரி கட்டிகட்டியா வரும்.

ஒரு சின்ன வேலை செய்ங்க. பால்பாயிண்ட் பேனாவால செவப்போட ஓரத்தச் சுத்தி கோடு போட்டுத் தேதி எழுதி போன்ல ஒரு படம் எடுத்து வைங்க, நாலு நாளைக்கு ஒருக்கா அதே வெளிச்சத்துல இன்னொரு படம். கோட்டத் தாண்டிப் போகுதா இல்லையான்னு டாக்டருக்குச் சொல்ல அதவிட நல்ல சாட்சி கெடையாது. அப்படியே தொப்புள்ல கட்டி இருக்கா, எடது காறை எலும்புக்கு மேல நெறி கட்டியிருக்கா, கக்கத்துல என்ன, பழைய ஆபரேஷன் தழும்புல ஏதாச்சும் தடிப்பு இருக்கா எல்லாத்தையும் தடவிப் பாருங்க. தொப்புளும் எடது காறை எலும்பும் வயித்துக் கேன்சர் தலை நீட்டுற எடம், மருத்துவ மாணவங்களுக்குச் சொல்லிக் குடுக்குற பழைய விஷயம்.

கணக்கு ரெண்டு வாரந்தான். வயித்துல ஏற்கனவே கேன்சர் இருந்தவங்களுக்கு மாருல செவப்பு வந்து, மருந்து சாப்பிட்டும் ரெண்டு வாரத்துல கொறையலன்னா மூணாவது ஆன்டிபயாடிக் வாங்காதீங்க, தோல்ல பயாப்சி எடுங்கன்னு, அதாவது ஒரு துணுக்கு எடுத்து டெஸ்ட்டு பண்ணுங்கன்னு வாயத் தொறந்து கேளுங்க. வயித்துக் கேன்சரே தெரியாம மாருத் தோல் வழியா மொதல்ல வெளிய வந்தவங்களும் இருக்காங்க, அதனால கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நெறைஞ்சு போறது, எடை எறங்குறது, மலம் தார் மாதிரி கறுப்பா போறது இதெல்லாம் கூட இருந்தா அதையும் சேத்துச் சொல்லணும்.

பெரியாத்தா மூணு வாரம் யாருகிட்டயும் காட்டாமலே இருந்திருக்காங்க. அண்ணமிண்டி, அதான் அண்ணன் சம்சாரம், ரவிக்கை தொவைக்கும்போது கறை பாத்துத்தான் கண்டுபிடிச்சா. எங்க வளவு வீடுகள்ல எத்தனை கட்டு இருந்தாலும் ஒரு பொம்பளை ஒடம்ப நின்னு பாத்துக்கத் தனியா ஒரு எடம் இருக்காது. அதனால வீட்டுல இருக்குற பொம்பளைங்கதான் கேக்கணும், குளிக்கும்போது முதுகு தேச்சு விடுற சாக்குல பாத்தாலும் சரி. ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் வேணும்னு கேக்குறதுல தப்பே இல்ல, கேட்டா ஏற்பாடு பண்ணுவாங்க.

கெளம்பும்போது பையில என்ன வைக்கணும்னு பலபேரு விட்டுடுறாங்க. வயித்து ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் பிலிமோ சிடியோ, சாப்பிடுற மாத்திரை லிஸ்ட்டு, ரத்தம் ஒறையாம இருக்க ஆஸ்பிரின் மாதிரி ஏதாச்சும் சாப்பிட்டா அத மட்டும் தனியா எழுதி. இதெல்லாம் சரி. எல்லாத்தையும் விட முக்கியமா பழைய பிளாக். வயித்துல இருந்து எடுத்த சதைய மெழுகுல பதிச்சு ஒரு சின்ன பெட்டி மாதிரி லேப்ல பத்திரப்படுத்தி வச்சிருப்பாங்க, அதத்தான் பிளாக்னு சொல்றது, அதுலருந்து சீவிச் சீவி ஸ்லைடு போடுவாங்க. ஆபரேஷன் பண்ண எடத்துல சதைய டெஸ்ட்டு பண்ற பெத்தாலஜி டிபார்ட்மென்ட்ல பேஷண்ட் நம்பர் சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா பிளாக்கும் ஸ்லைடும் கையெழுத்து வாங்கிட்டுக் குடுப்பாங்க. வெயில்ல கார் டேஷ்போர்டுல வச்சுராதீங்க, மெழுகு எளகிரும், நான் ஈரத் துணி சுத்துன டிபன் பாக்ஸ்ல வச்சு எடுத்துட்டுப் போனேன்.

பயாப்சி பெரிய விஷயம் இல்ல. மரத்துப் போற ஊசி போட்டு, நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சின்ன குழாய் மாதிரி கருவிய வச்சுத் திருகி தோல எடுப்பாங்க, ஒரு தையலோ ரெண்டு தையலோ. வெறும் ஊசி குத்தி நீர் உறிஞ்சிப் பாக்குற டெஸ்ட்டு இதுக்குப் பத்தாது, தோல் முழு ஆழத்துக்கு வேணும். மாருக்கு எடுக்குற எக்ஸ்ரே, அதான் மேமோகிராம், அத எடுத்தா தோல் தடிப்பு மட்டும் தெரியும், உள்ள கட்டியே தெரியாம இருக்கலாம், அத நம்பி நிம்மதியா வந்துராதீங்க. அப்புறம் லேபுக்குப் போற பாரத்துல ‘ஏற்கனவே இரைப்பைக் கேன்சர்’னு எழுதியிருக்கான்னு நீங்களே படிச்சுப் பாருங்க. அங்க மைக்ராஸ்கோப்ல பாக்குறவரு உங்க ஆத்தாவப் பாக்கல, அந்தக் காயிதத்தத்தான் பாக்குறாரு. எங்களுக்கு அத எழுதாம விட்டுட்டாங்க. சிக்னெட் ரிங் செல் இருக்கு, கேன்சர்னு ரிப்போர்ட் வந்துச்சு, மாருல இருந்து எடுத்ததாச்சே, மார்புக் கேன்சர்னு முடிவு பண்ணி மாரு முழுசா எடுக்கத் தேதியே குறிச்சுட்டாங்க.

இங்கதான் கொஞ்சம் நிதானமா படிங்க. சிக்னெட் ரிங்னா முத்திரை மோதிரம். செல்லுக்குள்ள சளி மாதிரி ஒண்ணு நெறைஞ்சு நடுவுல இருக்க வேண்டிய கருவ ஓரத்துக்குத் தள்ளிருது, பாக்க கல்லு வச்ச மோதிரம் மாதிரி இருக்கும். இது வயித்துக் கேன்சர்லயும் வரும், மார்புல வர்ற லோபுலார்னு ஒரு வகையிலயும் வரும், கண்ணால மட்டும் பாத்துப் பிரிக்கிறது கஷ்டம். போதாக்குறைக்கு அந்த லோபுலார் வகை மார்புல இருந்து வயித்துக்கும் பரவும், அதாவது ரெண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு. அதனால ஐ.ஹெச்.சி.ன்னு சாயம் ஏத்திப் பாக்குற டெஸ்ட்டு கண்டிப்பா வேணும். ஈ.ஆர்., பி.ஆர்., காட்டா-3ன்னு பேரு வச்ச சாயமெல்லாம் பாசிட்டிவ்னா மார்புப் பக்கம் சாயுது. அதெல்லாம் நெகட்டிவ் ஆகி சி.கே.20, சி.டி.எக்ஸ்.2 பாசிட்டிவ்னா வயிறு குடல் பக்கம் சாயுது. ஹெர்-2ங்குற புரதத்த மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது, அது ரெண்டுலயும் வரலாம். ஒத்த சாயத்த வச்சுத் தீர்ப்பு சொல்லாம, புது ஸ்லைடையும் பழைய ஸ்லைடையும் ஒரே ஆளு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும், இந்த ஒரு வரிய மட்டும் ஞாபகம் வச்சா போதும். பெரியாத்தாவோட பிளாக்க கொண்டு போய் இன்னொரு எடத்துல அப்படிப் பாத்தப்பதான் ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சுச்சு. ஆபரேஷனுக்கு நாலு நாள் இருந்துச்சு.

இதுல என்ன பெரிய வித்தியாசம், எப்படியும் கேன்சர்தானன்னு எங்க பெரியப்பா கேட்டாரு, நியாயமான கேள்வி. மார்புக் கேன்சர்னா ஹார்மோன் மாத்திரை இருக்கு, ஆபரேஷன் இருக்கு. இது வயித்துல இருந்து வந்ததுன்னா நாலாம் ஸ்டேஜ், ஒடம்பு பூரா ரத்தத்துலயும் நிணநீர்லயும் ஓடுற நோய், மார எடுத்தா ஆயுசு கூடாது, ரணமும் வேதனையும்தான் மிச்சம். அதுக்கு ஆக்ஸாலிபிளாட்டின், கேப்சிடபைன் மாதிரி வயித்துக்கான கீமோ. கூடவே ஹெர்-2 பாக்கச் சொல்லுங்க, பாசிட்டிவ்னா டிரஸ்டுஸுமாப்ங்குற மருந்தையும் சேத்துக் குடுக்கலாம். 2010-ல வெளிவந்த பெரிய ஆராய்ச்சியில அத சேத்துக் குடுத்தவங்கள்ல பாதிப் பேரு 13.8 மாசம் தாண்டி இருந்தாங்க, வெறும் கீமோ குடுத்தவங்கள்ல பாதிப் பேரு 11.1 மாசம் தாண்டி இருந்தாங்க. எம்.எஸ்.ஐ., பி.டி.எல்.-1 டெஸ்ட்டும் கேளுங்க, அதப் பொறுத்து சில பேருக்கு இம்யூனோதெரபி, அதாவது ஒடம்போட எதிர்ப்புச் சக்தியத் தூண்டி விடுற மருந்து, பலன் குடுக்கும், வெலை ஜாஸ்தி, அதையும் முன்னாடியே கேட்டுக்கங்க. கேன்சர் இருக்குற எடத்த ஒளிர வச்சுக் காட்டுற பெட் ஸ்கேன் எடுத்தா இந்த மோதிர செல் வகை சில சமயம் சரியா ஒளிராது, ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் ஆகாது.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏத்துனதும் சில நாளைக்குக் குளிர்ச்சி ஆகவே ஆகாது. பிரிட்ஜ்ல கைய விட்டா வெரல் நுனி ஊசி குத்துற மாதிரி இருக்கும், ஜில்லுத்தண்ணி குடிச்சா தொண்டை இறுக்கும். எங்க வீட்டுல பட்டாலை, அதான் கூடம், பூரா ஆத்தங்குடித் தரைக்கல்லு, வெயில் காலத்துல அதுல வெறுங்காலோட நடக்குறதும் படுக்குறதும்தான் சுகம்னு வளந்தவங்க, கீமோ முடிஞ்ச அன்னைக்கு அந்தக் கல்லுல கால் வச்சதும் கத்திட்டாங்க. வீட்டுக்குள்ள செருப்புப் போட மனசு ஒப்பல, கடைசியில சாக்ஸ் போட்டு விட்டோம், ஆனா அந்தக் கல்லுல சாக்ஸ் வழுக்கும், அடியில ரப்பர் புள்ளி வச்ச சாக்ஸா வாங்குங்க.

வீட்டுல புண்ணப் பாத்துக்குறது தனிக் கலை. எல்லாருக்கும் தோல் ஒடையாது, ஒடைஞ்சா நீர் வடியும், நாத்தம் வரும், ரத்தம் கசியும். பழைய டிரெஸ்ஸிங்க உரிச்சு எடுக்காதீங்க, நல்லா நனைச்சு ஊற விட்டா தானா விட்டு வரும். கழுவ சலைன் பாட்டில், இல்லன்னா அரை லிட்டர் தண்ணிய கொதிக்க வச்சு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு ஆற வச்சது போதும். தேய்க்கக் கூடாது, ஊத்தித்தான் கழுவணும். டெட்டால், ஸ்பிரிட், மஞ்சப் பொடி, வேப்பெண்ணெய் எதுவும் வேணாம், ஆளாளுக்கு ஒண்ணு கொண்டு வருவாங்க, வாங்கி வச்சுட்டு மறந்துருங்க. நாத்தத்துக்குக் காரணம் புண்ணுக்குள்ள காத்தில்லாம வளர்ற கிருமி, அதுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரைய நல்லாப் பொடிச்சுப் புண்ணு மேல தூவச் சொல்லுவாங்க, ஜெல்லாவும் கெடைக்கும், உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்ங்க. அதுக்கு மேல ஒட்டாத பாரஃபின் காஸ் துணி, அதுக்கு மேல பஞ்சு பேடு. நாத்தம் போகலன்னு சாம்பிராணி போட்டு மூச்சடைக்க வச்சுராதீங்க, ஒரு தாம்பாளத்துல அடுப்புக்கரிய கட்டிலுக்கு அடியில வைங்க, இழுத்துக்கும்.

கண்டாங்கிதான் கட்டுவேன்னு பெரியாத்தா அடம், ஆனா அது முரட்டுப் பருத்தி, முந்தானை ஒரசி ஒரசியே தோல் கிழியும். பழைய மல்லு வேட்டியக் கிழிச்சு முன்பக்கம் கட்டுற மாதிரி தச்சுக் குடுத்தோம். ரத்தம் வந்தா சுத்தமான துணிய வச்சுப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் எடுத்து எடுத்துப் பாக்காம அழுத்திப் பிடிங்க, நிக்கலன்னா 108. ஒரு கருஞ்செவப்புத் துண்ட பக்கத்துலயே வச்சிருங்க, வெள்ளைத் துணியில ரத்தம் பாத்தா நோயாளிக்கும் நமக்கும் கை கால் ஓடாது. ஈ மொய்க்க விடவே கூடாது, புழு வச்சுட்டா நீங்களா எதையும் ஊத்தாம நர்ஸக் கூப்புடுங்க. ரொம்பக் கசிஞ்சா அந்த எடத்துக்கு மட்டும் சில நாள் ரேடியேஷன் குடுத்துக் காய வைக்கலாம், இத யாரும் தானா சொல்ல மாட்டாங்க, கேக்கணும்.

சாப்பாடு, இரைப்பை பாதி இல்லாத ஆளு, ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை சின்னக் கிண்ணத்துல. இடியாப்பம் பால், கும்மாயம் கொஞ்சூண்டு, முட்டை, கொழைய வடிச்ச சோறு. கவுனி அரிசி நல்லதுன்னு சொந்தக்காரங்க கொண்டு வந்து குவிப்பாங்க, அது செமிக்க நேரமாகும், விருந்தாளிக்குப் போடுங்க. இரைப்பைய முழுசா எடுத்தவங்களுக்கு பி-12 ஊசி ஆயுசுக்கும் போடணும், அத விட்டுடாதீங்க.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை. போதைன்னு பயந்து ஒளிச்சு வைக்காதீங்க, அளவா நேரத்துக்கு, சாதா மாத்திரைன்னா நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா. மலம் கட்டும், அதனால பேதி மருந்து மொத நாள்ல இருந்தே சேத்து. எல்லா மெடிக்கல்லயும் கெடைக்காது, அனுமதி வாங்குன ஆஸ்பத்திரியில கெடைக்கும், 2014-ல சட்டத்தத் திருத்துனதுல இருந்து நடைமுறை கொஞ்சம் லேசாயிருக்கு.

பணத்துக்கு, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ளன்னா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.கிட்ட வருமானச் சான்று வாங்கி ரேஷன் கார்டு ஆதாரோட சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல பதியணும், பெரிய வீடு இருக்கேன்னு கூச்சப்படாதீங்க, ஓடு ஒழுகுற வீட்ட வச்சு வைத்தியம் பாக்க முடியாது. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து புண்ணு கட்டுற வலி நிவாரண நர்ஸும் உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுங்க, சந்தேகம்னா 104-க்குப் போன் போடுங்க. ரெண்டாவது கருத்துக்கு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கு, சென்னை போக முடிஞ்சா அடையார் கேன்சர் இன்ஸ்டிடியூட். அது 1954-ல முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்சது, தங்கச்சிய கேன்சருக்குக் குடுத்த துக்கத்துல வந்த யோசனை, நம்ம புதுக்கோட்டைக்காரவுக.

பெரியாத்தாகிட்ட சொல்றதா வேணாமான்னு வீட்டுல பெரிய சண்டை. நாங்க மறைச்சோம். ஒரு நாள் ராத்திரி அவங்களே ‘வயித்துல இருந்ததுதானடி மேல வந்திருக்கு’ன்னாங்க. அதுக்கப்புறம்தான் நகையெல்லாம் யாருக்குன்னு பேசுனாங்க, கீமோ நாலோட போதும்னு அவங்களே முடிவு பண்ணாங்க. மறைச்ச ரெண்டு மாசம் வீணுன்னு இப்ப தோணுது.

இன்னொண்ணு. வயித்துல இந்த மோதிர செல் வகையும் மார்புல லோபுலார் வகையும் ஒரே குடும்பத்துல யாருக்காச்சும் வந்திருந்தா, இல்ல அம்பது வயசுக்கு முன்னாடியே இந்த வகை வயித்துக் கேன்சர் வந்திருந்தா சி.டி.ஹெச்.1னு ஒரு ஜீன் டெஸ்ட்டு இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க. அது இல்லாட்டியும் கூடப் பொறந்தவங்களும் புள்ளைங்களும் வயித்துக் கேன்சருக்கு ஒரு காரணமான ஹெச்.பைலோரி கிருமி இருக்கான்னு பாத்து, இருந்தா மாத்திரை சாப்பிட்டு, அப்புறம் மறுபடி டெஸ்ட்டு பண்ணிப் போயிருச்சான்னு உறுதி பண்ணணும். கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே அந்த டெஸ்ட்டுக்குப் போனா தப்பா இல்லன்னு காட்டலாம், ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும். எங்க ஆத்தாவுக்கு மொத தடவை அப்படித்தான் இல்லன்னு வந்துச்சு, நிறுத்திட்டுத் திரும்பப் பாத்ததுல இருந்துச்சு.